‘தல நோவுதும்மா’ – திருவதிகைப் பிரகடனம்

முகவுரை

“புள்ள நல்லாத்தான் இருந்தான். ராத்திரி தல நோவுதுன்னு சொல்லிட்டுப் படுத்தான். காலையில எழுப்புனேன், எழுந்திருக்கல.”

இப்படி ஒரு தாய் சொல்லி அழும் வீட்டு வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் அங்கே எழுவது ஒரே ஒரு கேள்விதான். என்ன ஆச்சு? ஊர் அதற்குப் பல பதில்களை வைத்திருக்கிறது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்பார் ஒருவர். பங்காளி வீட்டில் செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். உச்சி வெயிலில் பிள்ளையை விளையாட விட்டாளே என்று பெற்றவள் மீதே பழி போடும் வாயும் உண்டு. நேற்று வகுப்பில் வாத்தியார் தட்டினாராமே என்று கிளம்பும் பேச்சும் உண்டு. சில நாளில் எல்லாப் பேச்சும் ஓய்ந்துவிடும். பெற்றவள் நெஞ்சில் மட்டும் அந்தக் கேள்வி ஆயுள் முழுக்க இருக்கும்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித் தரவும், தடுக்கக்கூடிய சாவைத் தடுக்கவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பிள்ளைகள் திடீரென இறப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. இதயம், தொற்று, வலிப்பு, விபத்து எனப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், மிக அரிதாக, மூளைக்குள் இருக்கும் ஒரு சிறு நீர்க்கட்டியும் வருகிறது. அது புற்றுநோய் அல்ல. உடலில் எங்கும் பரவாது. மருத்துவர்கள் அதைத் தீங்கற்ற கட்டி என்றுதான் எழுதுகிறார்கள். ஆனாலும் அது அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பொறுத்து ஓர் இரவில் உயிரைப் பறிக்கும்.

அரிய நோய்க்கு எதற்கு ஓர் இயக்கம் என்று கேட்பார்கள். நோய்தான் அரிது. பிள்ளையின் தலைவலியைக் காதில் வாங்காமல் விடுவது அரிதல்ல. அது ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு வகுப்பறையிலும் நடக்கிறது. எங்கள் போராட்டம் அதனோடுதான்.

ஏன் திருவதிகையில்

இந்த ஊருக்கு வலியைப் பற்றிய ஒரு நினைவு உண்டு. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், இன்று கடலூரின் பகுதியாக இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்தில் தருமசேனர் என்ற சமணத் துறவியாக இருந்தபோது சூலை என்னும் வயிற்று நோயில் துடித்தார். செய்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. அப்போது அவர் தமக்கை திலகவதியார் திருவதிகையில் இருந்தார். தாய் தகப்பனை இழந்தவர். மணம் பேசிய கலிப்பகையாரையும் போர்க்களத்தில் இழந்தவர். தானும் உயிர் விடத் துணிந்து, தம்பி ஒருவன் இருக்கிறானே என்பதற்காக உயிர் தாங்கி நின்றவர். தம்பி ஆள் அனுப்பிச் சொன்னான். பிறகு இருட்டோடு கிளம்பி அக்காளின் காலடியில் வந்து விழுந்தான். வீரட்டானக் கோயிலில் நின்று, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எந்த அளவுக்குத் தாங்க முடியவில்லை என்று பாடியே சொன்னான். நாவுக்கரசர் என்று நாம் கொண்டாடுகிறவரின் முதல் பதிகம் ஒரு நோயாளி தன் வலியைச் சொன்ன பதிகம்தான்.

நாவுக்கரசருக்குச் சொல்லத் தெரிந்தது. கேட்க ஓர் அக்காள் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த நாவன்மை கிடையாது. அது “தல நோவுதும்மா” என்று இரண்டு சொல் சொல்லும். அதுவும் சொல்லத் தெரியாத கைக்குழந்தை தலையைச் சுவரில் முட்டும், ஓயாமல் வீறிடும். கேட்கிறவர் திலகவதியாராக இருந்தால்தான் அந்தப் பிள்ளை பிழைக்கும். ஆகவே இந்த ஊரிலிருந்து, கெடிலக் கரையிலிருந்து தொடங்குகிறோம்.

இந்த இயக்கம் எந்தச் சமயத்துக்கும் உரியதல்ல. திருநீறு பூசுங்கள், தர்காவில் ஓதிய தண்ணீரைக் கொடுங்கள், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுங்கள். யாருடைய நம்பிக்கையையும் விடச் சொல்ல நாங்கள் வரவில்லை. வேண்டுதலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செய்யுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

நோய் என்ன

வீராணம் ஏரியை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மதகு வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டும் சரியாக நடக்கும் வரை கரைக்கு ஆபத்தில்லை. மதகில் ஒரு மரக்கட்டை வந்து செருகிக்கொண்டால் என்ன ஆகும் என்று காட்டுமன்னார்கோயில் விவசாயியைக் கேட்க வேண்டியதில்லை.

நம் மூளைக்குள்ளும் நான்கு அறைகளில் தெளிந்த நீர் ஊறி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ஊறும். ஒரு நேரத்தில் மூளையிலும் தண்டுவடத்திலுமாகத் தங்கியிருப்பதோ சுமார் 150 மில்லி லிட்டர்தான். வருவது வரவும் போவது போகவும் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். மேலே வலமும் இடமுமாக உள்ள இரண்டு பெரிய அறைகளிலிருந்து நடுவிலுள்ள மூன்றாம் அறைக்கு நீர் இறங்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே துளைகள். அந்தத் துளைகளை ஒட்டி, மூன்றாம் அறையின் கூரையில், கூழ் போன்ற பொருள் நிறைந்த ஒரு சிறு பை சிலருக்கு உருவாகிறது. கொலாய்டு சிஸ்ட் என்று மருத்துவர்கள் சொல்லும் கூழ்க்கட்டி இதுதான். பல நேரம் ஒரு பட்டாணி அளவு, சில நேரம் அதைவிடப் பெரிது. வேறு எங்காவது இருந்தால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகும் பொருள், மதகின் வாயில் இருப்பதால் எமனாகிறது. துளை அடைபட்டால் மேல் அறைகளில் நீர் தேங்கும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி திறந்திருக்கும், மண்டையோட்டு எலும்புகள் இன்னும் பொருந்தியிருக்காது. அதனால் தலை பெருத்து இடம் கொடுக்கும். பள்ளி வயதுப் பிள்ளையின் மண்டையோடு இடம் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். சில மணி நேரத்தில் நினைவு தப்பும், மூச்சு நிற்கும்.

இந்தக் கட்டி பெரும்பாலும் 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்தான் காணப்படுகிறது. பிள்ளைகளிடம் அரிது. ஆனால் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் விளையாட்டல்ல. நெதர்லாந்தில் இப்படி அறிகுறியோடு வந்த நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திடீரென்று மோசமாகியிருந்தார்கள்.

நம் நாட்டில் இன்னொரு நீர்க்கட்டியும் உண்டு. அது பிறவியில் வருவதல்ல, புழுவால் வருவது. பன்றி நாடாப்புழுவின் முட்டை, வெளியில் மலம் கழித்த மண்ணிலிருந்து கீரையிலும் தண்ணீரிலும் கையிலும் ஏறி வயிற்றுக்குள் போகிறது. பன்றி இறைச்சியைத் தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். மூளையில் தங்கினால் பெரும்பாலும் வலிப்பாகத் தலைகாட்டும். நீர் ஓடும் அறைக்குள் போய் உட்கார்ந்தால் கூழ்க்கட்டியைப் போலவே வழியை அடைக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் அஞ்ச வேண்டாம். வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்த பல பிள்ளைகளிடம் அராக்னாய்டு சிஸ்ட் என்னும் படல நீர்க்கட்டி தற்செயலாகத் தெரியவருகிறது. அவற்றில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராமல் அப்படியே இருந்துவிடும். பிள்ளைகளின் தலைவலியில் மிகப் பெரும்பங்கு காய்ச்சல், சளி, பசி, தூக்கக் குறைவு, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றால் வருவது. ஆயிரம் சாதாரணத் தலைவலிகளுக்கு நடுவே அபாயமான அந்த ஒன்றை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி.

அது எப்படிப் பேசும்

அபாயமான தலைவலிக்கு ஒரு நடை உண்டு. அதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அது அடையாளம் காட்டும்.

பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். அல்லது காலையில் கண் விழித்ததும் இருக்கும். வாந்தி வரும், வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தணியும். இருமினாலும் குனிந்தாலும் கூடும். வாரக்கணக்கில் போய்ப் போய் வரும், வரவர வலுக்கும். கூடவே ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், அல்லது திடீரென்று கண் மாறுகண் ஆகும். நன்றாக ஓடிய பிள்ளை தள்ளாடும், காரணமில்லாமல் முழங்கால் மடங்கி விழும். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கும். நன்றாகப் படித்த பிள்ளை மறக்கத் தொடங்கும். கலகலப்பான பிள்ளை சுருண்டு சுருண்டு படுக்கும். கைக்குழந்தைக்குத் தலை வேகமாகப் பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும், கருவிழி கீழ்நோக்கியே இறங்கி நிற்கும்.

கடும் தலைவலியும், அடுத்தடுத்து வாந்தியும், எழுப்பினால் சரியாக விழிக்காத மயக்கமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது 108ஐ அழைக்க வேண்டிய நிமிடம்.

எங்கே தவறவிடுகிறோம்

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவள். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். உடைத்த கிலோவுக்குத்தான் கூலி. காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் திண்ணையோரம் வாந்தி எடுக்கிறான். “ராத்திரி தின்னது சேரல, பித்தம்” என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. பள்ளிக்குப் போகிறான். நாலு நாள் கழித்து மறுபடி. பாட்டி சுற்றிப் போடுகிறாள், மிளகாய் நெடி வரவில்லை, கண்ணேறுதான் என்று முடிவாகிறது. வகுப்பில் பெஞ்சில் தலை சாய்க்கிறான். கணக்குக் கொடுத்தாலே இவனுக்குத் தலைவலி வந்துவிடும் என்கிறார் ஆசிரியர். மெடிக்கலில் இரண்டு மாத்திரை. கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி. மந்திரித்த கயிறு ஒன்று. இப்படி ஆறு வாரம் போகிறது.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. எல்லாரும் பிள்ளைமேல் பிரியம் உள்ளவர்கள். காலை வாந்தி அம்மாவுக்குத் தெரியும். வகுப்பில் சாய்ந்தது ஆசிரியருக்குத் தெரியும். இரண்டாகத் தெரிகிறது என்று அவன் சொன்னது கூட விளையாடிய பையனுக்குத் தெரியும். ஆளுக்கொரு துண்டு தெரிந்தது. மூன்றையும் ஒருசேரப் பார்த்திருந்தால், படிப்பறிவே தேவைப்படாத ஒரு முடிவுக்கு யாரும் வந்திருப்பார்கள். சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால்தான் பிள்ளை போகிறான்.

அந்த ஆள் யார்? நாம்தான்.

நமக்கு முன்னே நடந்தவர்கள்

கையில் வழி இல்லாமல் நாம் இதைத் தொடங்கவில்லை. நம் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அவர் கொள்ளிடத்துக்கு அக்கரையில் சீர்காழியில் பிறந்தவர். அமெரிக்காவில் வால்டர் டேண்டி மூன்றாம் அறைக் கூழ்க்கட்டியை வெற்றிகரமாக எடுத்துக் காட்டியது 1921இல். ஆக, இந்தக் கட்டியைக் குணமாக்கும் கலைக்கு 100 வயது கடந்துவிட்டது. தேங்கிய நீரை மெல்லிய குழாய் வைத்து வெளியேற்றி உயிரைக் காப்பாற்ற முடியும். பிறகு எண்டோஸ்கோப்பாலோ நுண்ணோக்கியின் துணையாலோ கட்டியை எடுத்துவிடலாம். நேரத்தோடு வந்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்.

கவனமாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் வேலூரே சான்று. வலிப்போடு வரும் நோயாளிகளின் சி.டி. ஸ்கேனில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுப்பது இந்தியாவில் ஒரு காலத்தில் வழக்கம். வேலூரில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அந்தப் புள்ளியையே எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழு விட்டுச்சென்ற கட்டி என்று 1991இல் எழுதினார்கள். எத்தனையோ பேர் தேவையில்லாத மருந்திலிருந்து தப்பினார்கள். பின்னர் வேலூர் மாவட்டத்தில் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்றும் தெரிந்தது. ‘இது இப்படித்தான்’ என்று எல்லாரும் சொன்னதை ஒருமுறை திறந்து பார்த்ததன் பலன் இது.

பிரிட்டனில் பிள்ளைகளின் மூளைக்கட்டி அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் சொல்ல ஹெட்ஸ்மார்ட் என்ற இயக்கத்தை 2011இல் தொடங்கினார்கள். பைக்குள் வைக்கும் சிறு அட்டை, வயதுவாரியாக அறிகுறிப் பட்டியல். முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டறியும் வரை ஆன காலம் சில ஆண்டுகளில் 14 வாரங்களிலிருந்து 7 வாரங்களுக்குக் குறைந்தது. புதிய மருந்தோ புதிய எந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழ்நாடும் இப்படி ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அதை விதி என்று விடாமல், ஏன் இறந்தார், எந்த இடத்தில் தாமதம் என்று ஒவ்வொரு சாவையும் விசாரிக்கும் வழக்கத்தை இந்தியாவுக்கே முன்னோடியாக நடத்தியது. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு 134 என்று 2001–03இல் இருந்த தாய் இறப்பு 2018–20இல் 54 ஆனது. ஒரு சாவைக் கேள்வி கேட்டால் அடுத்த சாவு தடுக்கப்படும் என்பதை நம் மாநிலம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அதே கேள்வியைப் பிள்ளைகளுக்காகவும் கேட்கச் சொல்கிறோம்.

எங்கள் கொள்கைகள்

ஒன்று. பிள்ளை வலிக்கிறது என்றால் வலிக்கிறது. பொய் சொல்கிறது என்று நிரூபணம் ஆகும் வரை நம்புவோம். நம்பி ஏமாந்தால் ஒரு நாள் படிப்பு போகும். நம்பாமல் ஏமாந்தால் பிள்ளை போகும்.

இரண்டு. அறிவு முதலில் தாய்க்கும் ஆசிரியருக்கும் போய்ச் சேர வேண்டும். நோயை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான், மருத்துவர் பிறகுதான் பார்க்கிறார்.

மூன்று. அச்சத்தைப் பரப்ப மாட்டோம். எல்லாத் தலைவலிக்கும் ஸ்கேன் கேட்பது எங்கள் கொள்கை அல்ல. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, பிள்ளைகளுக்கு அதைத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது. அறிகுறி பார்த்து, கண்ணின் உட்புறம் பார்த்து, நடை பார்த்து, அதன் பிறகு தேவை என்றால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் நிலை.

நான்கு. ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணம் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு முன் தேடியிருக்க வேண்டும்.

ஐந்து. மருத்துவரும் செவிலியரும் எங்கள் எதிரிகள் அல்ல. துக்கத்தில் கை ஓங்குவதையும் கண்ணாடி உடைப்பதையும் இந்த இயக்கம் ஒருபோதும் ஆதரிக்காது.

ஆறு. பழி போடுவதை ஒழிப்போம். பிள்ளையை இழந்த தாயை நோக்கி ‘நீ கவனிக்கல’ என்ற சொல்லை எந்த வாயும் சொல்லக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்

பள்ளிகளுக்கு: ஆண்டுக்கு ஒருமுறை அரை நாள், அபாய அறிகுறிகளைப் பற்றி ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். மாதத்தில் மூன்றாவது முறையாக ஒரு பிள்ளை தலைவலி என்று சொன்னால் பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் நடமாடும் குழுக்களுக்கு: பிறப்பு முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்காக 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நீங்கள் ஊர் ஊராக வருகிறீர்கள். பார்வையும் பல்லும் ரத்தசோகையும் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தலைவலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? காலையில் வாந்தி வருகிறதா? இரண்டாகத் தெரிகிறதா?

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு: மூளையில் அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் கண்ணின் பின்சுவரில் நரம்பு வீங்கித் தெரியும். அதைப் பார்க்கும் கைக்கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851லேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கருவி ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும், அதில் பார்க்கப் பழகிய கண்ணும் இருக்க வேண்டும். ஒரே பிள்ளை அதே தலைவலியோடு இரண்டாம் முறை வந்தால் பித்தம் என்று அனுப்பாமல், மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுங்கள்.

கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகளுக்கு: தலைவலி, வாந்தி, மயக்கம் மூன்றும் சேர்ந்து வரும் பிள்ளையைச் சாலை விபத்தில் அடிபட்டவரைப் போலக் கருதுங்கள். இரவாக இருந்தாலும் ஸ்கேன் எடுங்கள். ஸ்கேன் பார்க்காமல் முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டாம். அடைப்பு இருக்கும்போது அது மூளையைக் கீழே இழுத்து உயிரைக் குடிக்கும். அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு அனுப்பும் முன் அங்கே தொலைபேசியில் சொல்லி, ஏற்க ஆள் காத்திருக்கும்படி செய்யுங்கள்.

மாநில அரசுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. இந்தத் திட்டத்தின் அட்டை கையில் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளையின் மூளை அறுவை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இறப்பை ஆராய 2014இல் நாடு தழுவிய வழிகாட்டுதல் வந்தது. அந்த ஆய்வை 18 வயது வரை நீட்டுங்கள்.

காவல்துறைக்கும் தடயவியல் மருத்துவர்களுக்கும்: காரணம் தெரியாத சாவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் விசாரிக்கப்பட்டது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவில் விசாரிக்கப்படுகிறது. அந்த விசாரணையில் பிள்ளையின் மூளையையும் முறையாக ஆராயுங்கள். மூன்றாம் அறையைத் திறந்து பார்த்தால்தான் கூழ்க்கட்டி கண்ணில் படும். முடிவைப் பெற்றோருக்குப் புரியும் தமிழில், ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை என்றதும் ‘பிள்ளை உடம்பைக் கீறுவதா’ என்று பெற்றோர் மனம் பதறும். அந்தப் பதற்றத்தை மதிக்கிறோம். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அந்தப் பதில் தேவைப்படலாம் என்று அவர்களிடம் கனிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஊராட்சிகளுக்கு: எல்லாருக்கும் கழிப்பறை, ஓடும் தண்ணீரில் கைகழுவ வசதி, பள்ளிச் சமையலறையில் கழுவிய கீரை. நாடாப்புழுவின் கட்டியைத் தடுக்கும் மருத்துவம் இதுதான்.

எங்கள் உறுதிமொழி

கேட்பது மட்டும் அல்ல, செய்வதற்கும் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தலைவலிக் குறிப்பு எழுதுவோம். தேதி, நேரம், தூக்கத்தில் வந்ததா, வாந்தி உண்டா, எவ்வளவு நேரம் இருந்தது. ஐந்தே பத்தி. மருத்துவரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுவோம். அம்மா பார்த்தது, ஆசிரியர் பார்த்தது, தோழன் பார்த்தது எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் சேரும்.

பலாவும் முந்திரியும் ஏற்றுமதியாகும் பண்ருட்டிச் சந்தையிலும், பேருந்து நிலையத்திலும், ரேஷன் கடை வரிசையிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் அறிகுறிகளைச் சொல்லிப் பேசுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமாக வரைந்து கொடுப்போம். கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி போக முடியாத தாய்க்காக எங்களில் ஒருவர் கூடப் போவோம். மேல் சிகிச்சைக்கு எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அந்த வரிசை வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போவோம்.

இறந்த பிள்ளையின் படத்தை எங்கும் போட மாட்டோம். பெற்றோர் சம்மதம் இல்லாமல் யார் கதையையும் சொல்ல மாட்டோம். யாரிடமும் பணம் வசூலிக்க மாட்டோம். எந்தக் கட்சிக் கொடியின் கீழும் நிற்க மாட்டோம். இந்த இயக்கத்துக்கு என்ன பெயர் என்பதை முதல் பொதுக்கூட்டத்தில் வருகிறவர்கள் கூடி முடிவு செய்யட்டும். பெயர் இல்லாமலே இன்று வேலையைத் தொடங்குகிறோம்.

அழைப்பு

தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஆசிரியப் பெருமக்களே, செவிலியர்களே, அண்ணன் அக்காள்களே! இந்த இயக்கத்தில் சேரச் சந்தா இல்லை, அட்டை இல்லை. இன்றிரவு பிள்ளை படுக்கப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “தல கில நோவுதா ராசா?” இல்லை என்றால் தலையைத் தடவிக் கொடுத்துத் தூங்க வையுங்கள். ஆமாம் என்றால், எப்போதிலிருந்து, எப்படி, வாந்தி வந்ததா என்று கேட்டு, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதியது சரியில்லை என்று பட்டால் விடிந்ததும் புறப்படுங்கள். பிள்ளை மயங்கினால் விடியும் வரை இருக்காதீர்கள்.

கேட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் எங்களில் ஒருவர்.